ராயபுரம் மூணு தரம்

ஏலம் விடுகிறவனுக்கு மீன் சொந்தமில்லை, படகு சொந்தமில்லை, தொண்டை ஒன்றுதான் சொந்தம்.

அந்தத் தொண்டை கிழிய முதலில் சத்தியம் செய்துவிடுகிறேன். நான் நின்று கூவுகிற காசிமேட்டுக் கடல் மேல் சத்தியம். எனக்கு மிச்சமிருக்கிற ரெண்டு கடைவாய்ப் பல் மேல் சத்தியம். இனி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் நாளைக்கே என் வாய் கவளை மீன் வாயாகட்டும்: திறக்கும், மூடும், சத்தம் வராது. தெருவில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட, நாம்தான் என்று திரும்பிப் பார்த்து அசடு வழிந்தவர்களே, வகுப்பில் நாலு செந்தில்களில் ஒரு செந்திலாக உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். ஒரே ஒரு சின்ன வார்த்தை என்னை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

பாதிக் கடற்கரை திரும்பியது

பேதுரு மீன் பிடித்தவர். அவரைத்தான் நாங்கள் ராயப்பர் என்று கும்பிடுகிறோம். அவர் பேரால்தான் ஊரே ராயபுரம் ஆனது என்பார்கள். அப்புறம் வலை போடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு பேர் தேட யாருக்கு நேரம்? தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கொடுவாயை ஏலம் விட்டு முடித்து, "ராயப்பா, எடுத்துக்க!" என்று கூவினேன். பாதிக் கடற்கரை திரும்பியது. வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்துகூட ஒரு குரல் "இதோ வந்துகினே கீறேன்" என்றது. நாலு பேர் ஒரே வாலைப் பிடித்து இழுக்க, செத்த மீன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

அன்றைக்கே ஒரு வழி செய்தேன். ஏலத்தில் நிற்கிறவர்களுக்கு நானே ஒரு பேர் வைப்பேன். ஒரு பேர் ஒருவருக்கு மட்டும். தார்ப்பாயைச் சுற்றி அந்தப் பேருக்கு ஓர் இடம். எங்களிடம் கை தூக்கி விலை கேட்கிற பழக்கமும் இல்லை. ஒருவர் புருவத்தை ஏற்றுவார், ஒருவர் மூக்கைச் சொறிவார், ஒருவர் துண்டு நுனியை இழுப்பார். கேட்டது யார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மூன்றாம் தரம் நான் எந்தப் பேரைக் கூவுகிறேனோ, மீன் அந்தப் பேருக்கு. கடல் வற்றினாலும் மாற்ற முடியாது.

கம்பெனிக்கு இறால் எடுக்கும் ராயப்பனுக்கு 'அப்பன்' என்று பேர் வைத்தேன். அவர் முகம் சுருங்கியது. "எம்பேர்ல பாதிய வெட்டிட்ட. சரி நைனா, வெலையிலயும் பாதிய வெட்டிக் குடு!"

எண்ணூர் மகாராஜா

அப்பன் பேரை வெட்டியபோது மிஞ்சிய 'ராய்' சும்மா கிடக்கிறதே என்று நான் நினைத்த வாரமே அதற்கு ஆள் வந்து சேர்ந்தார். வங்காளத்துக்காரர். எண்ணூர்ப் பக்கம் வேலை செய்யும் தன் ஊர்க்காரர்களுக்கு மெஸ் நடத்துகிறார். முள் நிறைய இருக்கிற மீனாகப் பார்த்துக் கேட்பார். நம் ஆட்கள் "இது வாயைக் கிழிக்கும்" என்று தள்ளி வைக்கிற உல்லம் மீனைக் கண்டால் அவருக்குக் கண் கலங்கும். பேர் என்ன என்றேன். "ராய்" என்றார். நான் கொடுக்கிறதுக்கு முன்னால் அவரே கொண்டுவந்துவிட்டார்.

"அது எங்க ஊர் பேராச்சே, உனக்கு எப்டி?" என்றேன். ராஜாதான் தேய்ந்து தேய்ந்து ராய் ஆனது என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். அப்போ நீ ராஜாவா என்று அப்பன் கிண்டலாகக் கேட்க, அண்ணனைத் 'தாதா' என்று கூப்பிடும் தன் ஊர் வழக்கப்படி ராய் கூச்சத்தோடு சொன்ன பதில் இது. "ராஜாதான் தாதா. ராஜ்யம் எண்ணூர்ல ஒரு ரூம்பு. அதுல எட்டு ராஜா, ஒரு ஃபேன்."

டீக்கடையில் நடந்த போர்

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கருவாட்டுக்கு மீன் எடுக்க ஒருவர் வருவார். பேர் ராவ். ஒருநாள் ஏலம் முடிந்து டீ குடிக்கும்போது, ராயும் ராவும் ஒரே வார்த்தைதான் என்று யாரோ கொளுத்திப்போட்டார்கள். பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்தான் மூலம் என்று அப்பன் ராயபுரத்தையும் ராயப்பேட்டையையும் எடுத்துப் போட்டார். ராவ் தன் மாமனார் ஊர் இருக்கும் ராயலசீமையையே தூக்கி வைத்தார். ராய் விடவில்லை, ராய்கஞ்ச் என்றார். அது போதாதென்று, தனக்குச் சம்பந்தமே இல்லாத ராய்ப்பூரையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பேரும் இந்தியாவைப் பங்கு போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

ஓரமாக உட்கார்ந்து பொறை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மஸ்தான் பாய். வண்ணாரப்பேட்டையில் ஓட்டல் வைத்திருக்கிறார். சின்ன வயதில் பினாங்கில் இருந்தவர். தொண்டையைக் கனைத்தார். "இன்னாத்துக்கு அடிச்சிக்கிறீங்க? மலாய்க்காரங்க நோன்புப் பெருநாளுக்கே ராயான்றாங்க, பெரிய ரோட்டுக்கும் ராயான்றாங்க. அந்த வார்த்த கப்பலேறிப் போயி ரொம்ப நாளாச்சு. நீங்க இன்னும் டீக்கடைய வுட்டே தாண்டல."

ஊரைக் கேட்டவள்

அப்போதெல்லாம் படகிலிருந்து மீன் இறங்கியதும் நடக்கும் எங்கள் ஏலத்தில் பெண்கள் நிற்பதில்லை. ஆண்கள் எடுத்த மீனை அவர்களிடம் வாங்கிக் கூடையில் வைத்து விற்கப் போவார்கள். ஒரு காலையில், வெயில் முதுகில் அடிக்கிற நல்ல இடமாகப் பார்த்து ஒரு பெண் வந்து நின்றார். அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் மீனின் செவுள் நிறம் சரியாகத் தெரியும். தெரிந்துதான் நின்றார். "மீன் வாங்கறவங்க கிட்டக்க மீன் வாங்கி எனக்கு அலுத்துட்ச்சி. நேரா வாங்கிக்கிறன்" என்றார்.

அவர் நின்றதைவிட எனக்கு வேறு கவலை. பேர் கேட்டேன். ராயம்மா. தலையில் கை வைத்தேன். அப்பன் இருக்கிறார், ராய் இருக்கிறார், ராவ் இருக்கிறார். இந்த வார்த்தையில் வைப்பதற்கு இனி எழுத்தே மிச்சமில்லை தாயே என்றேன். ராயம்மா இடுப்பில் கை வைத்துச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "எல்லாத்தையும் ஆம்பளைங்க எடுத்துக்கினீங்க. மீதி இன்னா கீது? ஊருதானே? அத்த எனக்குக் குடு."

கொடுத்தேன். அன்று முதல் அவர் ஏலப்பேர் 'ராயபுரம்'.

கப்பல் சமையல்காரர்

ராயம்மா வந்த பிறகுதான் எங்கள் ஏலத்துக்கே ஒரு சுவை வந்தது. ஆளுக்கொரு பட்டம் வைத்துத் திட்டுவார். ராவ் 'கருவாட்டு மூஞ்சி', ராய் 'ரசகுல்லா', அப்பன் 'அரை டிக்கெட்டு', பாய் 'பினாங்கு'. நான் 'ஓட்ட ஸ்பீக்கரு'. திட்டு வாங்காமல் ஒருவர் வீட்டுக்குப் போனால் அன்று அவர் மனைவி "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாராம்.

ஒருநாள் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல்காரர் ஒருவர் மீன் பார்க்க வந்தார். ஒரு பெரிய பாறை மீனைக் காட்டி வேண்டும் என்றார். விருந்தாளிதானே, பேர் கேட்டேன். "ரெய்யெஸ்." எனக்குப் புரியவில்லை. அவர் ரெண்டு கையையும் தலைமேல் கிரீடம் மாதிரிக் குவித்துக் காட்டினார். ராய் துள்ளிக் குதித்தார்: "ராஜா! இவனும் ராஜா!" ஏலமே சிரிப்பில் நின்றுபோனது. ராயம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி, அதனிடமே கேட்டார். "இத்தினி தண்ணி கீதே, இதுல வேற பேரே வெளையாதா?"

கால் வழுக்கியது

மீன் வழவழப்பிலும் ஐஸ் தண்ணியிலும் காலமெல்லாம் நின்ற கால் அது. ஒருநாளும் வழுக்கியதில்லை. இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோது, ராயம்மா தன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் போய்விட்டது. முட்டிவரை மாவுக்கட்டு.

விழுந்த நேரம்தான் கெட்ட நேரம். எங்கள் ஏலத்தில் ஒரு சட்டம் உண்டு: தடைக்காலம் முடிந்து படகுகள் வந்து நடக்கும் முதல் ஏலத்தில் எந்தப் பேர் கூவப்படவில்லையோ, அந்தப் பேரும் இடமும் காலி. காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருந்தவர் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம், வண்ணாரப்பேட்டையில் கடை, ஐஸ் பெட்டி வைத்த புது வேன், மரியாதையான பையன். ஏலப்பேர் இல்லாமல் வெளிவட்டத்தில் நின்று, எப்போதாவது மிச்ச மீதியை எடுத்துப் போவார். இவர் பேரிலும் வாலில் ஒரு ராஜா ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். தலை வலித்தது. ராயம்மா இவரைத் திட்டியதே இல்லை. "வாங்க தம்பி, தள்ளி நில்லுங்க தம்பி" என்று எட்ட வைத்தே பேசுவார்.

நான் ராயம்மாவைப் பார்க்கப் போனேன். வராதவர் பேரில் இன்னொருவர் வாங்கலாம், அதற்கும் வழி உண்டு. ஏலம் தொடங்குவதற்கு முன் என் காதில் "இன்ன பேருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அன்று அவர் எடுக்கும் முதல் மீன் அந்தப் பேருக்கு. காதில் விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது; அதை நானும் வெளியில் சொல்லக் கூடாது. கூவுகிற வாய் வாங்கக் கூடாது என்பதால் நானே வாங்கவும் முடியாது. "யாரையாவது கேளு தாயே. ராவைக் கேளு, பாயைக் கேளு" என்றேன். மாவுக்கட்டைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காலமெல்லாம் திட்டுனவன் கைல போய் பேர காப்பாத்திக் குடுன்னு கெஞ்சறதா? போனா போட்டும். ராயபுரம் எனுக்கு முன்னாடியும் இருந்திச்சி."



புருவங்களின் ஆட்டம்

முதல் ஏலத்தன்று காலை வெளிச்சம் வந்து, படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. நான் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். ராவ் பின்னாலேயே வந்தார். காதருகே, "ராயபுரம் பேருக்கு. எவருக்கும் சொல்லாத" என்றார். என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சரி, பேர் தப்பித்தது என்று டீயை வாயில் வைத்தேன். பாய் வந்தார். "ராயபுரம் பேருக்கு. நான் சொன்னேன்னு வெளில தெரியக் கூடாது, எளகின ஆளுன்னு நெனச்சா நாளைக்கி வெலைய ஏத்திடுவானுங்க." அதற்குள் அப்பன். அதற்குள் ராய். எல்லாரும் அதே ரெண்டு வார்த்தை, அதே ரகசியம். போதும்டா, ஏற்கனவே ஒருத்தர் சொல்லிவிட்டார் என்று சொல்ல வாய் துடிக்கிறது. சட்டம் வாயைக் கட்டிவிட்டது. தார்ப்பாயை நெருங்கும்போது கடைசியாக இன்னொருவரும் வந்து காதில் ஊதிவிட்டுப் போனார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் குவியல் வஞ்சிரம். வழக்கமாக அதைக் கேட்கிறவர்கள் ரெண்டு பேர். அன்று சுற்றி நின்ற எல்லார் முகமும் ஆடியது. ராவ் புருவத்தை ஏற்றுகிறார், அப்பன் மூக்கைச் சொறிகிறார், பாய் துண்டை இழுக்கிறார், ராய் காதை முறுக்குகிறார். ஒரே பேருக்காக ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் போட்டி போட்டு, விலை கடற்காக்காய் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. படகுக்காரருக்கு இன்ப அதிர்ச்சி. மூன்றாம் தரம் வயிற்றிலிருந்து கூவினேன்: "ராயபுரம்!" வாங்கிய ஒருவரைத் தவிர மற்ற எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி: நான்தானே சொன்னேன், இது எவன்? ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே. அடுத்த குவியல், "ராயபுரம்!" அதற்கடுத்தது, "ராயபுரம்!" ஒவ்வொருவர் எடுத்த முதல் மீனும் அந்த ஒரு பேருக்கே போய்ச் சேர்ந்தது. படகுக்காரர் என் பக்கம் சாய்ந்து கேட்டார். "இன்னா நைனா, இன்னிக்கி எல்லார் புருவத்துலயும் கொசு கடிக்குதா?"

சந்துக்குள் ஊர்வலம்

ராயம்மா இருக்கிற சந்தில் ஒரு மீன்பாடி வண்டி நுழைந்தால் எதிரில் பூனைகூட வர முடியாது. அன்று அடுத்தடுத்து வண்டிகள் நுழைந்தன. நெத்திலி, இறால், பாறை, முள் மீன், எல்லாவற்றுக்கும் முன்னால் வஞ்சிரம். மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் காலை ஒரு மீன் பெட்டி மேல் நீட்டி, அந்தச் சந்துக்கே மீன் விற்றுக்கொண்டிருந்தார். ராயபுரத்துப் பூனைகளோடு தண்டையார்ப்பேட்டைப் பூனைகளும் வந்து வரிசையில் நின்றன. நான் பார்த்தேன், சத்தியம்.

என்னைக் கண்டதும் கத்தியை நீட்டினார். "எவன் எவன்டா வாங்குனது?" பதிலுக்குக் காத்திராமல் அவரே ஆரம்பித்தார். "நெத்திலி கருவாட்டு மூஞ்சி. எறா அரை டிக்கெட்டு. இந்த முள்ளு மீன ரசகுல்லாவத் தவுர எவனும் தொட மாட்டான். பாறை, ஓட்டல் கொழம்புக்குன்னு வாங்கற கை, பினாங்கு." வரிசையாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தவர் வஞ்சிரப் பெட்டியிடம் வந்ததும் நின்றார். ஐஸைத் தள்ளிப் பார்த்தார். பதமாக, பூப்போல அடுக்கியிருந்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றார். நான் நம்பிக்கொண்டேன். "இது மட்டும் யார்னு தெர்ல. சொல்லு. அவன் ஒருத்தன மட்டும் ஆயுசுக்கும் திட்டாம வுட்டுர்றேன்."

வேண்டாத வரம்

நான் ராயம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் வாங்கியவரிடம் போய்ச் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. ஐஸ் வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஜெபராஜிடம் போனேன். ஆமாம், கடைசியாக என் காதில் ஊதியவர் அவர்தான். "ஏன் தம்பி, அந்தப் பேர் போயிருந்தா உனக்குத்தானே வந்திருக்கும்? நீயே காப்பாத்திக் குடுத்துட்டியே" என்றேன். தலையைக் குனிந்தபடி வேனின் சக்கரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அப்புறம் ராயம்மா கொடுத்த வரத்தைச் சொன்னேன்: ஆயுசுக்கும் திட்டு கிடையாது. ஹோஸ் பைப்பு அவர் கையிலிருந்து விழுந்து என்னை நனைத்தது. "ஐயோ அண்ணாச்சி, சொல்லிராதிய! அவங்க வாயால ஒரு திட்டு வாங்கிறணும்னுதான நான் இத்தன நாளா நிக்கேன்!"

திரும்பி வந்த குரல்

மாவுக்கட்டைப் பிரித்ததும் ராயம்மா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஏலத்துக்கு வந்தார். அவர் இடம் காலியாக அப்படியே இருந்தது, ஈகூட உட்காரவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள், தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. ராயம்மா கம்பால் தார்ப்பாயைத் தட்டினார். "வஞ்சிரம் எவன்னு இந்த ஓட்ட ஸ்பீக்கரு சொல்ல மாட்டன்றான். அவன வுட்டுட்டுத் திட்டலாம்னா எவன வுடறதுன்னு தெர்ல. அதனால ஒருத்தன் பாக்கியில்லாம திட்டப்போறன்" என்றார்.

ஆரம்பித்தார். ராவ் வாங்கிக்கொண்டார், ராய் வாங்கிக்கொண்டார், அப்பனும் பாயும் தலையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். வெளிவட்டத்தில் நின்ற ஜெபராஜ் மேல் பார்வை போனது. வழக்கம்போல "தம்பி" வரப்போகிறது என்று அந்தப் பையன் முகம் வாடத் தொடங்கியது. "டேய், ஐஸ்பொட்டி! இன்னாடா சாமி செல மாரி அங்கியே நின்னுகினு கீற? மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? உள்ள வந்து நில்லுடா!"

ராஜா பட்டம் கட்டிக்கொண்டதுபோல ஜெபராஜ் உள்ளே வந்து நின்றார். அவருக்கு வைக்க 'ராய்' வார்த்தையில் ஒரு எழுத்தும் மிச்சமில்லையே என்று நான் பட்ட கவலை அதோடு தீர்ந்தது. அன்று முதல் மீன் அவர் எடுத்ததுதான், மூன்றாம் தரம் நான் கூவிய பேர், "ஐஸ்பொட்டி!"

ஊரெல்லாம் நாடெல்லாம் கடல் கடந்தும் பரவிய அத்தனை ராஜாக்களும் சேர்ந்து ஒரு கூடைக்காரியின் பேரைக் காப்பாற்றினார்கள் என்பதுதான் என் தொழிலில் நான் கண்ட ஒரே ராஜ்யம். அந்த வஞ்சிரத்தை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார் ராயம்மா, அதனால் இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.